பையனா, ஸ்டாரா: 2014 கோடையில் இரண்டு அணிகள் சொன்ன இரண்டு பதில்

2014 கோடையில் கெவின் லவ் என்ற ஒரே ஆளுக்காக அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இரண்டு அணிகள் ஏறக்குறைய ஒரே கேள்வியின் முன் நின்றன. கிளீவ்லேண்ட் தன் இளம் வீரரைக் கொடுத்தது, கோல்டன் ஸ்டேட் கொடுக்க மறுத்தது, அப்புறம் இரண்டு அணிகளும் கோப்பை வென்றன. வளர்ந்துவரும் பையனைக் கொடுத்து ஸ்டாரை வாங்கலாமா என்ற விவாதம் எங்கே கிளம்பினாலும் நான் இந்தக் கோடைக்குத்தான் போவேன். "பையனைக் கொடுத்தால் பத்து வருடம் அழுவாய்" என்கிறவரும் சரி, "ஸ்டார் கிடைக்கும்போது விட்டால் மடையன்" என்கிறவரும் சரி, இந்த ஒரே கதையைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ள முடியும், அதனால் இதைப் பிரித்துப் பார்த்தால்தான் எது எப்போது சரி என்பது பிடிபடும்.

லவ் அப்போது மினசோட்டாவில் இருந்தார். வயது 25. 2013-14 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 26.1 புள்ளி, 12.5 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அவ்வளவு பெரிய உருவம் தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட்டும் போடும். ஆனால் அங்கே ஆடிய ஆறு சீசனில் ஒரு முறைகூட அந்த அணி பிளேஆஃப் பக்கம் போகவில்லை. 2015 கோடையில் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறும் உரிமை அவருக்கு இருந்தது, அப்படி வெளியேறினால் மினசோட்டாவுக்குச் சல்லிக்காசு கிடைக்காது, ஆகவே விற்றே ஆக வேண்டிய நிலை. (ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று: என்பிஏவில் டிரேடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது, என்றால் பெரும்பாலும் வீரரின் சம்மதத்தைக் கேட்பதே இல்லை, காலையில் ஓர் ஊர், மாலையில் வேறு ஊர். வீரர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ஒப்பந்தம் முடியும் தேதிதான்.)

கிளீவ்லேண்டின் கதை அதிர்ஷ்டத்தில் தொடங்குகிறது. 2011, 2013, 2014 என நான்கு வருடத்தில் மூன்று முறை டிராஃப்டின் (அணிகள் வரிசையாகப் புதுமுகங்களை எடுக்கும் நிகழ்வு) முதல் இடம் அவர்களுக்கு விழுந்தது. முதல் தடவை கைரி அர்விங், நல்ல தேர்வு. இரண்டாம் தடவை ஆண்டனி பென்னட், எடுபடவே இல்லை. மூன்றாவதாக ஆண்ட்ரூ விக்கின்ஸ், கனடாக்காரர், 19 வயது, எகிறுவதைப் பார்த்தாலே இவன் எங்கேயோ போகப்போகிறான் என்று தோன்றவைக்கும் உடல்வாகு. அவரை எடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, ஜூலை 11 அன்று லெப்ரான் ஜேம்ஸ் மயாமியை விட்டுக் கிளீவ்லேண்டுக்கே திரும்புவதாகக் கடிதம் எழுதி வெளியிட்டார். அதில் அர்விங் பெயர் இருந்தது, டிரிஸ்டன் தாம்சன் பெயர் இருந்தது, வெயிட்டர்ஸ், வரேஜாவ் பெயர்கள்கூட இருந்தன, விக்கின்ஸ் பெயர் இல்லை. சேதி எல்லோருக்கும் புரிந்துவிட்டது. டிராஃப்டில் எடுத்த வீரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் 30 நாள் வரை டிரேடு செய்ய முடியாது என்று விதி இருப்பதால், ஊரே பேசி முடித்துவிட்ட விஷயத்துக்காக அந்தப் பையன் ஒரு மாதம் சும்மா காத்திருந்து, ஆகஸ்ட் 23 அன்று பென்னட்டோடு சேர்ந்து மினசோட்டாவுக்குப் போனார்.

வாங்கிய பொருள் எப்படி? மனதில் இருந்த கெவின் லவ் வரவில்லை என்பதுதான் உண்மை. முதல் சீசனில் சராசரி 16.4 புள்ளிக்கு இறங்கியது. லெப்ரானும் அர்விங்கும் பந்தை வைத்திருக்கும் அணியில் மூன்றாவது ஆளுக்கு மூலையில் நின்று காத்திருக்கும் வேலைதான் மிஞ்சும். 2015 பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே தோள்பட்டை நழுவி மீதி ஆட்டமெல்லாம் போச்சு, அந்த வருடம் பைனலில் தோற்றார்கள். லவ் ஒரு தோல்வி என்று எழுதாத ஆள் இல்லை. அப்புறம் 2016, பைனலில் கோல்டன் ஸ்டேட்டிடம் 3-1 என்று பின்தங்கி, அதிலிருந்து மீண்டு, ஏழாவது ஆட்டத்தில் 93-89 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் லவ் எடுத்த ரீபவுண்ட் 14. கடைசி நிமிடத்தில் ஸ்டெஃபன் கர்ரியின் எதிரே தனியாக மாட்டிக்கொண்டவர், தடுப்பாட்டம் வராது என்று பெயரெடுத்தவர், காலை அசைத்து அசைத்து அவரை நிம்மதியாக ஒரு ஷாட் எடுக்க விடாமல் நின்றார். 1964க்குப் பிறகு அந்த ஊரின் எந்தப் பெரிய விளையாட்டு அணியும் பட்டம் வென்றதில்லை, 52 வருடம். அதற்கு என்ன விலை கொடுத்தாலும் தகும் என்று அங்கே உள்ளவர்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

விக்கின்ஸ் என்ன ஆனார்? 2015இல் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம். 2017இல் ஐந்து வருடத்துக்குச் சுமார் 14.8 கோடி டாலர் ஒப்பந்தம். ஆனால் மினசோட்டா அவரோடு பிளேஆஃப் பார்த்தது 2018இல் ஒரே ஒரு முறை. புள்ளி எடுப்பார், ஆட்டத்தை மாற்ற மாட்டார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2020 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார், அங்கே இரண்டாம் மூன்றாம் ஆளாக, எதிரணியின் சிறந்த வீரரைத் தடுக்கிறவராக மாறி 2022இல் கோப்பை வென்றார், அந்தப் பைனலில் ஜேசன் டேட்டமைத் திணறடித்தவர் அவர்தான். ஆக நல்ல வீரர் ஆனார், ஆனால் டிரேடு நடந்து எட்டு வருடம் கழித்து. அதற்குள் லெப்ரான் கிளீவ்லேண்டை விட்டே போய் நான்கு வருடம் ஆகிவிட்டது.

இப்போது அதே கோடையில் கோல்டன் ஸ்டேட். அவர்களிடம் மினசோட்டா கேட்டது கிளே தாம்சனை. 24 வயது, அந்த சீசனில் சராசரி 18.4 புள்ளி, அருமையாக ஷாட் போடுகிற ஆள், ஆனால் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு முறைகூடத் தேர்வாகாதவர். லவ்வோ ஏற்கெனவே மூன்று முறை ஆல்-ஸ்டார். காகிதத்தில் வைத்துப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், லவ்தான் மேல். நிர்வாகத்துக்குள்ளேயே கருத்து பிளந்தது. ஆலோசகராக இருந்த ஜெர்ரி வெஸ்ட் கடுமையாக எதிர்த்தார், புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் ஸ்டீவ் கெரும் வேண்டாம் என்ற பக்கம்தான். கடைசியில் கொடுக்கவில்லை.

எதிர்த்தவர்களின் வாதம் தாம்சன் லவ்வைவிடச் சிறந்தவர் என்பது அல்ல. கர்ரி சிறிய உருவம், எதிரணியின் வேகமான பாயின்ட் கார்டுகளை (பந்தை நடத்திச் செல்பவர்களை) அவர் துரத்திக்கொண்டிருந்தால் மறுபக்கம் ஷாட் போடும் கால் களைத்துவிடும், அந்த வேலையைத் தாம்சன் எடுத்துக்கொண்டார். லவ் வந்தால் அந்த வேலையை யார் செய்வது? இன்னொன்று, அப்போது யாரும் பெரிதாகப் பேசாதது: லவ் ஆடும் அதே இடத்தில் அந்த அணியின் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், 2012 டிராஃப்டில் 35ஆவதாக எடுக்கப்பட்ட டிரேமண்ட் கிரீன். 2014-15 தொடக்கத்தில் அந்த இடத்தில் ஆடிவந்த டேவிட் லீக்குக் காயம் ஆனதால்தான் கிரீனுக்கு இடமே கிடைத்தது. லவ் வந்திருந்தால் கிரீன் இன்னும் பல வருடம் பெஞ்சில் இருந்திருப்பார், பிற்பாடு லீக்கே காப்பியடித்த அந்தச் சிறிய உருவ அணி அமைப்பு பிறந்தே இருக்காது. ஸ்டாரை வாங்கும்போது கொடுக்கிற பையன் மட்டும் போவதில்லை, அந்த ஸ்டார் வந்து உட்காரும் இடத்தில் வளர்ந்திருக்கக்கூடிய இன்னொருவனும் சத்தமில்லாமல் போகிறான். டிரேடு கணக்குப் போடுகிற யாரும் இந்தப் பத்தியை எழுதி நான் பார்த்ததில்லை.

மீதி தெரிந்ததுதான். தாம்சன் அக்டோபரில் நான்கு வருடத்துக்குச் சுமார் 7 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டினார், 2015 ஜனவரியில் சாக்ரமென்டோவுக்கு எதிராக ஒரே கால் பகுதியில் 37 புள்ளி எடுத்தார், அணி 67 ஆட்டம் வென்று கோப்பையும் வென்றது. 2017, 2018, 2022இலும்.

சரி, கிளீவ்லேண்ட் முட்டாள், கோல்டன் ஸ்டேட் புத்திசாலி என்று முடித்துவிடலாமா? அப்படித்தான் பலரும் முடிக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டும் சரியான முடிவுகள். கொடுக்கிற பையனையும் வருகிற ஸ்டாரையும் மட்டும் எடை போட்டால் இது புரியாது, டிரேடில் பெயரே வராத மூன்றாவது ஆளைப் பார்க்க வேண்டும், அதாவது அணியிலேயே இருக்கப்போகிற முதல் நம்பர் வீரரை. கிளீவ்லேண்டில் அவர் லெப்ரான், 30ஐ எட்டப்போகிறவர், அதுவும் ஒரு வருடத்தில் வெளியேறும் உரிமையோடு கையெழுத்திட்டவர். விக்கின்ஸுக்கு 23 வயது ஆகட்டும் என்று அவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. கோல்டன் ஸ்டேட்டில் அவர் கர்ரி, 26 வயது, 2017 வரை நான்கு வருடத்துக்கு மொத்தம் 4.4 கோடி டாலர் என்ற அடிமாட்டு விலை ஒப்பந்தத்தில் இருந்தவர். அவருக்கு அவசரமே இல்லை. முதல் ஆளின் கடிகாரம் எவ்வளவு ஓடிவிட்டது என்பதுதான் பையனின் விலையை முடிவு செய்கிறது, பையனின் திறமை அதற்கு அப்புறம்தான்.

கூடவே ஒரு சின்ன வித்தியாசம். தாம்சனை அந்த அணி மூன்று சீசன் தினமும் பயிற்சியில் பார்த்திருந்தது, விக்கின்ஸ் அப்போது என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பார்க்காத பையனுக்குச் சந்தையில் கனவு விலை கிடைக்கும், ஆடத் தொடங்கிவிட்டால் உண்மை விலைதான். விற்பதென்றால் கனவு விலை இருக்கும்போதே விற்பது மேல்.

கனவு விலையை எட்டிப்பிடித்து, அதையும் தாண்டி எங்கேயோ போன பையன்களும் உண்டு, அதனால்தான் இந்த விஷயம் தூக்கத்தைக் கெடுக்கிறது. 2019 ஜூலை, லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ். டொராண்டோவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சந்தைக்கு வந்த கவாய் லெனார்ட், தன்னோடு இன்னொரு ஸ்டாரைச் சேர்த்தால்தான் வருவேன் என்றார். அந்த இன்னொருவர் ஓக்லஹோமா சிட்டியில் இருந்த பால் ஜார்ஜ். விலை: ஒரே ஒரு சீசன் ஆடி சராசரி 10.8 புள்ளி எடுத்திருந்த, 21 வயதுகூட நிரம்பாத ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட டனிலோ கேலினாரி, ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் பிக்குகள் (வருங்கால டிராஃப்டில் வீரரை எடுக்கும் வாய்ப்புகள்), போதாததற்கு இரண்டு வருடம் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை.

கிளிப்பர்ஸ் 2020இல் டென்வரிடம் 3-1 முன்னிலையைத் தொலைத்தது. 2021இல் தங்கள் வரலாற்றிலேயே முதல்முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனார்கள், ஆனால் வழியில் லெனார்டின் முழங்கால் போச்சு. 2024இல் ஜார்ஜ் பிலடெல்ஃபியாவுக்குக் கிளம்பினார், கிளிப்பர்ஸ் கையில் பதிலுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஷே 2024-25இல் சராசரி 32.7 புள்ளியோடு லீக்கின் மிகச் சிறந்த வீரர், பைனலின் சிறந்த வீரர், கோப்பை, எல்லாம். அணியில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஜேலன் வில்லியம்ஸ், கிளிப்பர்ஸ் கொடுத்த 2022 பிக்கில் 12ஆவதாக எடுக்கப்பட்டவர். ஒரே டிரேடில் ஒரு சாம்பியன் அணியின் முதல் இரண்டு ஆட்களையும் கொடுத்திருக்கிறார்கள்.

இதை வைத்து "பார்த்தாயா, பையனைக் கொடுக்கவே கூடாது" என்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். அன்றைக்குக் கிளிப்பர்ஸ் வாங்கியது ஒரு ஸ்டாரை அல்ல, இரண்டு பேரை. ஜார்ஜ் வராவிட்டால் லெனார்டும் இல்லை. 28 வயது லெனார்ட், 28 புள்ளி சராசரியோடு முந்தைய சீசனின் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்த ஜார்ஜ், இருவருமே தடுப்பாட்டத்திலும் லீக்கின் உச்சியில் இருந்தவர்கள். ஷேவைக் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், ஷே இந்த உயரத்துக்குப் போவார் என்று அப்போது அடித்துச் சொன்னவர்களைக் காட்டுங்கள் பார்ப்போம். குறை அந்தப் பையனோடு பிக்குகளையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்ததில். ஸ்டாருக்குக் காயம் ஆனால், வயதானால், கோபித்துக்கொண்டு போனால், மறுபடி எழ ஒரு பிடி வேண்டும். பையன் போனாலும் பிக்குகள் இருந்தால் இன்னொரு பையன் வருவான், பிக்குகள் போனாலும் பையன் இருந்தால் அவனை வைத்து ஓட்டலாம். இரண்டும் போனால் முழங்காலை நம்பித்தான் இருக்க வேண்டும், லெனார்டின் முழங்காலை.

ஆனால் அதே கோடையில், அதே ஊரில், லேக்கர்ஸ் இரண்டையும் கொடுத்து ஜெயித்தது. ஆண்டனி டேவிஸுக்காக பிராண்டன் இங்ரம், லோன்சோ பால், ஜோஷ் ஹார்ட், அந்த வருடத்தின் நான்காவது பிக், அதற்கு மேலும் பிக்குகள். இங்ரம் அடுத்த வருடமே ஆல்-ஸ்டார் ஆனார். லேக்கர்ஸில் யாருக்கும் கவலை இல்லை, 2020 அக்டோபரில் கோப்பை கையில் இருந்தது. மூன்றாவது ஆள் இங்கே யார்? மறுபடியும் லெப்ரான், 34 வயது. 34 வயது லெப்ரானிடம் இங்ரம் வளரட்டும் என்று சொல்வது அவரையே வீணாக்குவதுதான். டேவிஸுக்கு அப்போது 26 என்பதையும் கவனிக்க வேண்டும், உச்சத்தைத் தாண்டாத, இன்னும் சில வருடம் விலை போகக்கூடிய ஸ்டார். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அவரை அனுப்பித்தான் லூக்கா டான்சிச்சை வாங்கியது. 29 வயது ஜார்ஜையும் 26 வயது டேவிஸையும் ஒரே பட்டியலில் வைப்பது தப்பு.

பையனையும் கொடுக்காமல் ஸ்டாரையும் விடாமல் ஒரு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது, பிக்குகளாலேயே விலையை அடைப்பது. 2020 நவம்பரில் மில்வாக்கி ஜ்ரூ ஹாலிடேவை வாங்கியது இப்படித்தான்: எரிக் பிளெட்சோ, ஜார்ஜ் ஹில் என்று இரண்டு அனுபவஸ்தர்கள், மூன்று முதல் சுற்று பிக், இரண்டு மாற்று உரிமை. இந்த ஒருவருக்கு இவ்வளவா என்று அப்போது சிரித்தார்கள். அங்கே மூன்றாவது ஆள் யானிஸ் அடெடோகும்போ, 25 வயது, வயதில் அவசரம் இல்லை, ஆனால் ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிகிறது, கையெழுத்து இன்னும் போடவில்லை. ஹாலிடே வந்த அடுத்த மாதமே போட்டார், 2021இல் கோப்பை. டொராண்டோ 2018இல் லெனார்டை வாங்கியதும் கிட்டத்தட்ட இந்த ரகம். தங்கள் செல்லப்பிள்ளை டெமார் டிரோசனைக் கொடுத்தார்கள், இளையவர்களில் யாக்கப் பேர்ட்டிலோடு நிறுத்திக்கொண்டார்கள். பாஸ்கல் சியாகமும் ஃப்ரெட் வான்விலீட்டும் கையிலேயே இருந்தார்கள், அவர்கள் இருவரும் இல்லாமல் 2019 கோப்பை இல்லை. லெனார்ட் ஒரே வருடத்தில் கிளம்பிவிட்டார், ஆனாலும் அணி இடிந்து விழவில்லை.

இந்த வழியில் ஒரு சிக்கல், விற்கிறவர் சம்மதிக்க வேண்டும். மறுகட்டமைப்பு செய்கிற அணிக்கு ஏழு வருடம் கழித்து வரும் பிக்கைவிட இன்றைக்கே ரசிகர்களுக்குக் காட்ட ஒரு முகம் தேவை, ஆகவே பையனைத்தான் கேட்பார்கள்.

பையனைப் பிடித்துவைத்துக்கொள்வதற்கும் விலை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கோல்டன் ஸ்டேட்டே சாட்சி. 2020 டிராஃப்டில் இரண்டாவதாக, லமெலோ பாலுக்கு ஒரு இடம் முன்னால், ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தார்கள். கர்ரிக்கு அப்போது 32, என் கணக்குப்படி பார்த்தால் அந்தப் பையனை உடனே விற்றிருக்க வேண்டும். பழைய தலைமுறையும் புதிய தலைமுறையும் பக்கம் பக்கமாக ஓடும் என்று வைத்திருந்தார்கள். வைஸ்மன் காயத்தால் 2021-22 சீசன் முழுவதும் ஆடவில்லை, 2023 பிப்ரவரியில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பியபோது கிடைத்தது, ஏற்கெனவே அவர்களிடமே இருந்து விட்டுப்போன கேரி பேட்டன். டிராஃப்ட் அன்றைய இரவில் அந்தப் பிக்குக்கு என்னென்னவோ கிடைத்திருக்கும். பழுக்கட்டும் பழுக்கட்டும் என்று வைத்திருந்து அழுகவிட்ட பழம். 2022இல் கோப்பை வென்றதால் இதை யாரும் பெரிதாகக் கிளறுவதில்லை.

சாக்ரமென்டோ விஷயம் வேறு மாதிரி. 2022 பிப்ரவரியில் 21 வயது டைரீஸ் ஹாலிபர்டனை இண்டியானாவுக்குக் கொடுத்து டாமந்தாஸ் சபோனிஸை வாங்கினார்கள். அங்கே காப்பாற்ற வேண்டிய மூன்றாவது ஆள் என்று யாரும் இல்லை, 16 சீசனாகப் பிளேஆஃப் பார்க்காத ஊர் மட்டும் இருந்தது. அடுத்த சீசனில் 48 ஆட்டம் வென்று உள்ளே போனார்கள், முதல் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போராடித் தோற்றார்கள், அதோடு சரி. ஹாலிபர்டன் 2025இல் இண்டியானாவைப் பைனலின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார், அங்கேதான் அவர் குதிகால் தசைநாண் அறுந்தது. ஒரு வருட சந்தோஷம் ஒரு பக்கம், பத்து வருட அடித்தளம் இன்னொரு பக்கம். சாக்ரமென்டோ ரசிகர்கள் அந்த ஒரு வருடத்தைக் கொண்டாடியதைப் பார்த்தவன் என்ற முறையில் முழுக்கத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் நான் என்றால் செய்திருக்க மாட்டேன்.

சம்பளக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ரசிகர் விவாதங்களில் இது காணாமல் போகிறது. முதல் சுற்றில் எடுக்கப்பட்ட வீரர் நான்கு வருடம் மலிவான ஒப்பந்தத்தில் இருப்பார், அதற்குப் பிறகும் வேறு அணி கொடுக்கும் விலைக்குச் சமமாகக் கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை எடுத்த அணிக்கு உண்டு. 2019-20இல் ஷேவின் சம்பளம் சுமார் 40 லட்சம் டாலர், ஜார்ஜின் சம்பளம் 3.3 கோடி. அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு நல்ல வீரர்களை வாங்கலாம். 2023இல் வந்த புதிய விதிகள் இதை இன்னும் கூர்மையாக்கிவிட்டன: அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த இரண்டாவது எல்லையைத் தாண்டிய அணி, இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்று பிக்கையும் விற்க முடியாது. கெவின் டுராண்டுக்காக 2023இல் மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்று பிக் என்று அள்ளிக் கொடுத்த ஃபீனிக்ஸ், 2024-25இல் 36 ஆட்டம் மட்டுமே வென்று பிளேஆஃபுக்கு வெளியே நின்றது, அடுத்த கோடையில் டுராண்டையே ஹூஸ்டனுக்கு அனுப்பியது. 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன்கூட ஒரே வருடத்தில் ஹாலிடேவையும் போர்ஸிங்கிஸையும் வெளியே அனுப்ப வேண்டிவந்தது, இந்த எல்லைக்காகத்தான். மலிவான சம்பளத்தில் நன்றாக ஆடும் 21 வயதுப் பையனின் மதிப்பு 2014ஐவிட இன்றைக்கு அதிகம், ஸ்டாரின் மதிப்பு மாறவில்லை, தராசு பையன் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்து ஒரு அணியைச் சோதித்துப் பார்க்கலாம். 2025 கோடையில் சான் அண்டோனியோவைச் சுற்றி இந்தப் பேச்சுதான் ஓடியது. விக்டர் வெம்பன்யாமா இருக்கிறார், 2025இன் சிறந்த புதுமுகம் ஸ்டீஃபன் காசில் இருக்கிறார், டிராஃப்டில் இரண்டாவது இடம் வேறு விழுந்தது. அந்த இரண்டாவது பிக்கையும் சேர்த்துக் கொடுத்து மில்வாக்கியிடமிருந்து யானிஸை வாங்கு, உடனே கோப்பைக்கு ஆடு என்று ஒரு பெரிய கூட்டம் சொன்னது. அவர்கள் அமைதியாக டிலன் ஹார்ப்பரை எடுத்துக்கொண்டார்கள்.

நான் அந்த முடிவின் பக்கம். மூன்றாவது ஆள் வெம்பன்யாமாவுக்கு அந்தக் கோடையில் வயது 21, யானிஸுக்கு 30. வெம்பன்யாமா உச்சத்துக்கு வரும்போது யானிஸ் இறங்கிக்கொண்டிருப்பார், மகத்தான வீரர் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் இரண்டு கடிகாரமும் ஒட்டவில்லை. இதற்கு மேல், 2025 பிப்ரவரியில் டிஆரன் ஃபாக்ஸை வாங்கியபோதே அவர்கள் பிக்குகளில் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டார்கள், காசிலைத் தொடாமல் பிக்குகளால் முடித்தார்கள், சரியாகச் செய்தார்கள். அதற்குப் பிறகு யானிஸுக்காகப் பையன்களையும் கொடுப்பது என்றால் அது கிளிப்பர்ஸ் செய்த வேலை, இரண்டு தவணையில்.

எப்போதுமே விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஃபாக்ஸுக்கு 2026-27 முதல் ஓடும் பெரிய ஒப்பந்தம் இருக்கிறது, வெம்பன்யாமாவின் பெரிய சம்பளம் அதற்கு அடுத்த வருடம் தொடங்கும், காசிலுடையது அதற்கும் அடுத்த வருடம், பின்னாலேயே ஹார்ப்பர். நால்வரையும் புதிய விதிகளுக்குள் அடைக்க முடியாது. ஆகவே ஒரு பையனைக் கொடுத்து ஸ்டாரை வாங்குவதென்றால் அந்த நெருக்கடி வருவதற்கு ஒரு வருடம் முன்னால், சுமார் 2027 கோடையில், காசிலா ஹார்ப்பரா யார் வெம்பன்யாமாவோடு ஒட்டுகிறார் என்று பயிற்சியில் தினமும் பார்த்து முடித்த பிறகு, ஒட்டாதவரைக் கொடுத்து, 26 வயதுக்கு மேல் போகாத ஒருவரை வாங்க வேண்டும், பிக்குகளில் கை வைக்காமல்.